சூழ்நிலை மாற்றமும் சிந்தனைத் தெளிவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு, ஆண்டு விழா மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



இந்த மேடையில் நின்று பேசுதற்குரிய கல்வி எனக்கு இல்லை. பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவன். எனது தந்தையார் இந்தக் கரக்பூரிலே தனியே இருந்து இரயில்வேயில் உழைத்தார். நாங்கள் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருந்தோம். அவர் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டமையால், கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா உத்தியோகத்தை ஏற்று, இருபத்தோராம் வயதில் இங்கு வந்து சேர்ந்தேன். அன்று முதல் இன்றுவரை எண்களோடு பழகுவதே என் தொழில். ஆதலின் என் பேச்சில் இலக்கிய நயம் காண விழைவோர் ஏமாற்றமடைவர். கணக்குப்பிள்ளை கணக்குச் சொல்வது போல, நான் கண்டதையும் படித்ததையும் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

‘இடம் மாறினால் எண்ணம் மாறுமா?’ என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

முதலில் நாம் யாவரும் அறிந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஊரிலிருந்து உறவினர் எவரேனும் நமது குடியிருப்பில் வந்து தங்கினால், முதல் நாள் இரவு அவர்களுக்கு உறக்கம் வருவதில்லை. இரவு முழுவதும் ஷண்டிங் ஓசை, பெட்டியோடு பெட்டி மோதும் ஓசை, ஒலிபெருக்கியின் அறிவிப்பு, சரக்கு வண்டிகளின் கடகடப்பு. காலையில் எழுந்ததும், “இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறீர்களோ!” என்று கேட்பார்கள். நாமோ, “எந்தச் சத்தம்?” என்று திருப்பிக் கேட்போம். பொய்யாகக் கேட்பதில்லை, மெய்யாகவே நமக்கு அந்த ஓசை கேட்பதில்லை. நாம் விடுமுறையில் ஊருக்குச் சென்றாலோ, அங்குள்ள அமைதி நம்மை உறங்க விடுவதில்லை! நள்ளிரவில் விழித்துக்கொண்டு, ஏதோ குறைகிறதே என்று படுத்திருப்போம்.

இதன் காரணம் என்ன? மாறாது வந்துகொண்டிருக்கும் ஒன்றை மனம் சிறிது காலத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. தள்ளாவிட்டால் நாம் வாழவும் முடியாது. ஒவ்வோர் ஓசையையும் ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வேறு வேலை எப்படி ஓடும்? ஆகவே பழக்கம் என்பது இயற்கை நமக்களித்த ஓர் உதவி. ஆனால் அந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. ஓசையைக் கேளாமற் செய்கின்ற அதே பழக்கம், நாள்தோறும் நம் எதிரே இருக்கும் மனிதரையும் பாராமற் செய்துவிடுகிறது. நாள்தோறும் நாம் செய்யும் தவற்றையும் அறியாமற் செய்துவிடுகிறது. இதனை நான் பட்டறிந்தவன். அதனைப் பிறகு சொல்கிறேன்.

இனி, என் தொழிலிலிருந்து ஒரு சான்று. சில ஆண்டுகளுக்கு முன், மாத முடிவில் ஒரு கணக்கு ஒவ்வவில்லை. வேறுபாடு 63 ரூபாய். இக்காலத்தில் கூட்டல் கழித்தலைக் கணிப்பொறி செய்துவிடுகிறது என்பது உண்மையே. எனினும் அதனுள் எண்ணைப் புகுத்துவது மனிதனது விரல்தானே? மூன்று நாட்கள் அந்த 63 ரூபாயைத் தேடினேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை சென்றேன். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாகவே இருந்தன! மூன்றாம் நாள் மாலை, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு மூத்த குமாஸ்தா என் தோளைத் தொட்டு, “தம்பி! கணக்கு ஒவ்வாவிட்டால் முதலில் நாற்காலியை விட்டு எழுந்திரு” என்றார்.

வெளியே சென்று ஆலமரத்தடித் தேநீர்க் கடையில் நின்றேன். மண் குவளையில் தேநீரை வாங்கி இருமுறை உறிஞ்சியிருப்பேன். 63 என்பது ஒன்பதால் வகுபடும் எண் என்பது நினைவுக்கு வந்தது. கணக்கு எழுதுவோர் அனைவரும் அறிந்த விதி இது: வேறுபாடு ஒன்பதால் மீதியின்றி வகுபடுமாயின், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக் கூடும். 63ஐ ஒன்பதால் வகுத்தால் ஈவு 7. ஆகவே, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இலக்கங்களுக்குள் ஏழு வேறுபடும் எண்ணைத் தேட வேண்டும். திரும்பிச் சென்று அத்தகைய எண்களை மட்டும் பார்த்தேன். 581 என்பது 518 ஆகப் பதிவாகியிருந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். தேநீர்க் கடையில் எனக்குப் புதிய அறிவு ஏதும் உண்டாகவில்லை. அந்த விதியை நான் பணியில் சேர்ந்த ஆண்டிலேயே கற்றிருந்தேன். நாற்காலியில் இருந்தபோது அது ஏன் நினைவுக்கு வரவில்லை? அங்கே என் மனம் ஒரே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு விரைவாக ஓடினாலும், தண்டவாளத்தில் ஓடும் வண்டி தானாகத் தடம் மாறாது. யாரேனும் ஒருவர் பாயிண்டை மாற்றிவிட வேண்டும். இடத்தை விட்டு எழுவது என்பது பாயிண்டை மாற்றிவிடுவது போன்றது.

சிறியேனது அனுபவம் இது. இனி, பெரியோர் ஒருவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

சர் சி. வி. இராமன் அவர்களை நமது குலத்தைச் சேர்ந்தவர் என்று நாம் உரிமை பாராட்டலாம். நான் சொல்லும் குலம் கணக்கர் குலம்! அவர் 1907ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதில், அரசாங்க நிதித்துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். பகலெல்லாம் அலுவலகக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. டிராம் வண்டியில் போகும்போது அக்கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணிற்பட, அங்கேயே இறங்கிச் சென்று கதவைத் தட்டினார் என்று கூறுவர். அந்த வழியாக அலுவலகம் சென்ற கணக்கர்கள் எத்தனை பேர் அதே பலகையைக் கண்டிருப்பார்கள்! 1917இல் அவர் உயர்ந்த அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார்.

1921ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். திரும்பும்போது நார்குண்டா என்னும் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தார். அக்கடலின் ஆழ்ந்த நீல நிறம் அவரைப் பற்றிக்கொண்டது. வானத்தின் நீலம் நீரிற் பிரதிபலிப்பதனாலேயே கடல் நீலமாகத் தோன்றுகிறது என்பது, ராலே பிரபு போன்ற பேரறிஞரே கூறிவிட்ட விளக்கம். இராமன், கையோடு கொண்டு சென்ற நிக்கல் பட்டகம் என்னும் சிறு கருவியின் மூலம் நீரின் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை நீக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு நீங்கியும் நீலம் நீங்கவில்லை. முன்னிலும் செறிந்து தோன்றிற்று. ஆகவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று கண்டார். கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளி சிதறும் வகையைத் தம் மாணவர்களோடு இடைவிடாது ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்கத்தாவின் ஆய்வறைக்குள்ளேயே இருந்திருந்தால் இந்த வினா அவர் மனத்தில் அன்று எழுந்திராது. எனவே இட மாற்றம் சிந்தனையைத் தூண்டுகிறது என்பது தெளிவு. ஆனால் அன்பர்களே, அந்தக் கப்பலில் இராமன் ஒருவர்தானா பயணம் செய்தார்? நூற்றுக்கணக்கானோர் சென்றனர். அனைவரும் அதே நீலத்தைக் கண்டனர். அழகென்று சொல்லிவிட்டு உணவருந்தச் சென்றனர். ஆகையால் இடம் மாறினால் மட்டும் போதாது. வெளியே செல்பவன் மனத்தில் ஒரு வினாவும், சட்டைப்பையில் ஒரு சிறு கருவியும் இருக்க வேண்டும். கருவி என்பது கண்ணாடிப் பட்டகமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, எதிரே இருப்பவரை நோக்கி, “இது என்ன? ஏன் இப்படி?” என்று கூசாமல் கேட்கும் வாயே போதும்.

மற்றொரு சான்று. இடமாற்றம் என்றதும் கப்பலும் கடலும் வேண்டுமோ என்று எவரும் கருத வேண்டா. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் அவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டு, திருவாவடுதுறை மடத்தில் தமிழ் வளர்த்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். திருவாவடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் தொலைவு அதிகமில்லை. அதே காவிரி நாடு, அதே மொழி. ஆனால் அங்கே அவர் சந்தித்த மனிதர் வேறு. முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயரவர்கள் கற்றிருந்த அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பற்றிக் கேட்டு வியந்து நின்றுவிடவில்லை. சீவக சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அவ்வளவு கற்றவர் அன்று அந்த வினாவின் முன் நின்றார்.

மடத்துச் சூழலில் எவரும் கேளாத வினா அது. அதன் பின்னர் ஐயரவர்கள், சமண சமயக் கருத்துகளை அறியும்பொருட்டுக் கும்பகோணத்திலிருந்த சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது; அதனைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வந்தன. சூழ்நிலை மாற்றத்தை மைற்கல்லால் அளக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இதுவரை கேளாத ஒரு குரலைக் கேட்டோமா, இதுவரை மிதியாத ஒரு வாயிலை மிதித்தோமா என்பதே அளவுகோல்.

அன்பர்களே! இனி நம்மைப் பற்றிச் சிறிது பேசலாமா?

நாம் தமிழ்நாட்டை விட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்கிறோம். இடமாற்றமே சிந்தனையைப் புதுக்குமாயின், நம்மினும் புதுமையாகச் சிந்திப்போர் உலகில் எவரும் இருத்தலாகாது! ஆனால் நம் நிலை என்ன? என் நிலையையே சொல்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து கடைத்தெரு, ஞாயிறு தோறும் சங்கம். இந்த முக்கோணத்தை விட்டு நான் வெளியேறியதில்லை. ஐந்து ஆண்டுப் பணி முடித்த நமக்கு ஆண்டுதோறும் மூன்று செட் இலவசப் பாஸ் கிடைக்கிறது. இந்தியாவின் எந்த மூலைக்கும் அதைக் கொண்டு செல்லலாம். நான் வாங்கிய பாஸ் ஒவ்வொன்றிலும் நாகப்பட்டினம் என்ற ஒரே பெயரை எழுதினேன். தாயைப் பார்க்கச் சென்றது தவறன்று. ஆனால் மூன்றில் ஒன்றையேனும் வேறொரு பெயருக்கு எழுதலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நம்மில் பலர் ஊரை விட்டு வந்தோமேயன்றி, ஊரின் நான்கு சுவர்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே கட்டிக்கொண்டோம். கிணறு மாறிற்று, தவளை மாறவில்லை. இதைக் குறை கூறும் நோக்கத்துடன் சொல்லவில்லை. புதிய மண்ணில் வேர் பிடிக்க அச்சுவர்கள் நம் முன்னோர்க்கு உதவின. ஆனால் சுவர் என்பது காற்றைத் தடுப்பதோடு வெளிச்சத்தையும் தடுத்துவிடுகிறது.

இப்போது, முன்பு பிறகு சொல்வதாகக் கூறியதைச் சொல்ல வேண்டும். என் மகன் இசைவு தந்த பின்னரே இதனைச் சொல்கிறேன்.

நமது கரக்பூர் நிலையத்தின் பிளாட்பாரம் 1,072 மீட்டர் நீளமுள்ளது. நெடுங்காலம் உலகிலேயே நீளமான பிளாட்பாரமாக இருந்தது. 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அதனை விஞ்சிவிட்டன. ஊரிலிருந்து வருவோரிடம் அதைப் பெருமையோடு காட்டுவேன். ஆனால் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நான் ஒரு நாளும் நடந்ததில்லை. முதன்முறையாக நடந்தது, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், காணாமற்போன என் மகனைத் தேடிக்கொண்டு.

அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறிவிட்டான். மதிப்பெண் அட்டையை என்னிடம் காட்டாது ஒளித்தான், நான் கண்டுபிடித்தேன். கணக்கனுடைய மகனுக்குக் கணக்கு வரவில்லை என்பது என் மானத்தைத் தொட்டுவிட்டது. அன்று நான் பேசிய சொற்களை இங்கே மீண்டும் சொல்ல விரும்பவில்லை. அவை புதிய சொற்களும் அல்ல. சாப்பாட்டு மேசைக்கு எதிரே, அதே நாற்காலியில் அமர்ந்து, இரவு எட்டரை மணிக்கு நான் நாள்தோறும் சொல்லிவந்த சொற்களே. ஷண்டிங் ஓசை எனக்குக் கேளாததைப் போல, என் சொற்களின் கடுமையும் எனக்குக் கேளாமற் போயிருந்தது. அவன் எழுந்து வெளியே போனான். பத்து மணி ஆயிற்று, பதினொன்றாயிற்று, வரவில்லை.

அந்த 1,072 மீட்டரும் நடந்தேன். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வண்டி ஒன்று வரும்போதெல்லாம் என் கால்கள் நின்றுவிட்டன. விளக்குகள் குறைந்த கடைசி முனையில், ஒரு தூணுக்கருகில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தோம். அதன் பிறகு பதினொரு நாட்கள் அவன் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் வாயைத் திறந்தேனாயின் அந்தப் பழைய சொற்களே வந்துவிடுமோ என்று அஞ்சி மௌனமாயிருந்தேன்.

என் வாட்டத்தைக் கண்ட ஒரு வங்காள நண்பர், உடன் பணி செய்பவர், “ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஊருக்கு வா, பையனையும் அழைத்துக்கொண்டு வா” என்றார். பாலிச்சக் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் பிங்களா பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே நயா என்றொரு கிராமம். படுவா எனப்படும் சுருள் ஓவியக் கலைஞர்களின் ஊர். இவ்வளவு அருகில் இப்படியோர் ஊர் இருப்பதை, இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் நான் அறியேன்.

அவ்வூர்க் கலைஞர்கள் சித்திரகார் என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், எனினும் இராமாயணக் கதையையும், மனசா தேவியின் கதையையும் தீட்டிப் பாடுவது அவர்களது பரம்பரைத் தொழில். மஞ்சள், சங்குப்பூ முதலியவற்றிலிருந்து வண்ணம் எடுத்து, வில்வப் பழத்தின் பிசினைக் கலந்து தீட்டுகின்றனர். நீண்ட தாளில் கட்டம் கட்டமாக எழுதி, பின்புறத்தில் பழஞ்சேலைத் துணியை ஒட்டிச் சுருட்டி வைக்கின்றனர். சுருளை அவிழ்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிக்கொண்டே கதையைப் பாடுகின்றனர்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். தந்தை சுருளின் மேல் முனையைப் பிடித்திருந்தார். அவருடைய மகன், என் மகன் வயதே இருக்கும், பாடினான். பாதியில் அடுத்த அடி அவனுக்கு மறந்துவிட்டது. விருந்தினர் முன்னிலையில் மறந்துவிட்டதே என்று என் உள்ளம் திடுக்கிட்டது. இப்போது தந்தை என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் மாறவே இல்லை. மறந்த அடியைத் தாமே மெல்லப் பாடினார். மகன் அதைப் பற்றிக்கொண்டு மேலே பாடினான். அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பாட்டின் பொருள் முழுதும் விளங்கவில்லை. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக எனக்கு எவரும் சொல்லி விளங்காத ஒன்று அந்தத் திண்ணையில் விளங்கிற்று. மகன் அடியை மறந்தால் தந்தை செய்யவேண்டியது அந்த அடியைப் பாடுவதேயன்றி வேறொன்றுமில்லை.

அடுத்து அவர் மற்றொரு சுருளை அவிழ்த்தார். மேற்கட்டத்தில் ஒரு பேருருவம், விரிந்த வாயோடு. கீழே சுழன்று வரும் நீர். நீருக்குள் வீடுகள், மாடுகள், மனிதர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின் கதை. எங்கள் நாகப்பட்டினக் கடற்கரையை அழித்த அதே அலை, வங்காளத்து ஓவியர் ஒருவரின் கையில் வண்ணமாகியிருந்தது. அப்போது என் மகன், பதினொரு நாட்களுக்குப் பின் முதன்முறையாக, என்னைப் பார்த்து, “அப்பா, நம் ஊருக்கு வந்த அலைதானா இது?” என்று கேட்டான்.

திரும்பும் வண்டியில் அவனுக்கு எல்லாம் சொன்னேன். செய்தி வந்த அன்று ஊருக்குத் தொலைபேசி கிடைக்காமல், நமது கடைத்தெருத் தொலைபேசி நிலையத்தின் வாயிலில் இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். மூன்றாம் நாள் அவனுடைய பாட்டி உயிரோடு இருக்கும் செய்தி வந்ததைச் சொன்னேன். அவன் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது. அவனுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் தவறியவன் என்பதையும் அன்றே சொன்னேன். அவன் சிரித்தான். பின்னர் அவன் தேர்வில் தேறினான்; உயர்ந்த மதிப்பெண் ஒன்றும் பெறவில்லை. ஆனால் இப்போது விடை வராத கணக்கை என்னிடம் கொண்டுவருகிறான். இருவரும் வாயில் திண்ணையில் உட்கார்ந்து போடுகிறோம். அந்த நாற்காலியில் நான் அமர்வதை விட்டுவிட்டேன்.

நிற்க. இதற்கு மறுப்புகள் சிலவும் உண்டு. அவற்றையும் கூறாமல் விடுவது முறையன்று.

“இடம் மாறினால் கடன் தீருமா? நோய் தீருமா?” என்று கேட்கலாம். தீராது. துன்பத்துக்கு அஞ்சி ஓடுபவன், துன்பத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டே ஓடுகிறான். நான் கூறுவது ஓடுவதை அன்று. விலகி நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து செய்யவேண்டியதைச் செய்வதை. 63 ரூபாய்ப் பிழையைத் தேநீர்க் கடையிலா திருத்தினேன்? பேரேட்டுக்குத் திரும்பி வந்துதானே திருத்தினேன்?

“வீட்டுப் பணியில் கட்டுண்ட பெண்களுக்கு இது இயலுமா?” என்று தாய்மார்கள் கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. ஆண்களாகிய நமக்கு அலுவலகமேனும் உண்டு. அவர்களுக்கோ சமையலறை, முற்றம், தண்ணீர்க் குழாய். நம்மினும் அவர்களுக்கே இம்மாற்றம் தேவை. ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்வதென்றால், விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறும் பொறுப்பையும் அவர்கள் தலையில் ஏற்றாது, வழியில் கிடைப்பதை உண்போமாக!

“பிறரோடு கலந்தால் நம் தமிழ் கெடாதா?” என்ற அச்சம் பெரியோர் சிலருக்கு உண்டு. நயாவிலிருந்து திரும்பிய பின்னரே, எங்கள் ஊரில் சிறுவயதிற் கண்ட தோற்பாவைக் கூத்தை நினைத்தேன். விளக்கொளியில் பாவையை ஆட்டிக்கொண்டே பாடிய அக்கலைஞரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லையே என்று வருந்தினேன். பிறர் வீட்டு விளக்கைக் கண்டவனுக்கே தன் வீட்டு விளக்கின் அருமை தெரிகிறது. தமிழ் அதனால் கெடுவதில்லை, துலங்குகிறது.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது கூட்டத்தை இந்த மண்டபத்துக்கு வெளியே நடத்துவோமாக. நெடுந்தூரம் போக வேண்டா. காஸாய் என்று வழங்கும் கங்ஸாவதி ஆற்றங்கரை இருக்கிறது. ஹிஜ்லி இருக்கிறது. அங்கே விடுதலை வீரர்களை அடைத்து வைத்த முகாமில், 1931 செப்டம்பர் 16ஆம் நாள் காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் உயிர் நீத்தனர். அதே கட்டடத்தில்தான் 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப்பெற்றது, இன்று அது ஓர் அறிவியற் காட்சிசாலை. சிறைச்சாலையாக இருந்த சுவர்களே கல்விச்சாலையாக மாறக் கூடுமாயின், நம் சுவர்களில் ஒரு சன்னலைத் திறப்பது அரிதாகுமா? நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். போகும்போது அண்டை வீட்டு வங்காளியரையும் தெலுங்கரையும் உடன் அழைப்போம். அவர்களிடம் கேட்போம், அவர்கள் கேட்டால் சொல்வோம்.

அடுத்த பாஸ் வாங்கும்போது, மூன்றில் ஒன்றில் இதுவரை எழுதாத ஒரு நிலையத்தின் பெயரை எழுதுங்கள். அதுவும் இயலாதாயின், இன்றிரவு நீங்கள் வழக்கமாக அமரும் நாற்காலியை விட்டு எழுந்து, உங்கள் பிள்ளையின் பக்கத்தில் சென்று அமருங்கள். அதுவும் ஒரு பயணமே.



வாழ்க தமிழ்! வளர்க நமது சங்கம்! வணக்கம்.